சாரல் காலத்து மட்டைப் பெட்டிகள்

ஜூன் 8, ஞாயிறு

மெஷின் வந்துவிட்டது! வேனிலிருந்து இறக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. ஏழாவது ஆளாக நான் "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கார் நிறுத்துவதற்காகக் கட்டி, கடைசிவரை கார் வாங்காமலே விட்ட ஷெட்டில் அது இப்போது நிற்கிறது. பச்சை நிறம். என்னைவிட உயரம். வயிற்றில் இரண்டு இரும்பு அச்சுகள்.

பாக்கு மட்டையிலிருந்து இது பெட்டி செய்யும். புளியரைத் தோப்புகளில் பாக்கு மரம் தானாக உதிர்க்கிற மட்டையை இதுவரை அடுப்பெரிக்கத்தான் எடுத்தார்கள். அம்மா அதை வாங்கி, தேய்த்துக் கழுவி, தொட்டியில் ஊறப்போட்டு, சூடான அச்சுகளுக்கு நடுவில் வைத்துப் பிடியை இழுத்தாள். சுர்ரென்று ஆவி கிளம்பியது. திறந்தால் பெட்டி! உண்மையைச் சொன்னால், ஒரு பக்கம் வாய் கோணிய பெட்டி. அம்மா அதைத் தொப்பி மாதிரித் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "எப்படி இருக்கேன்?" என்று கேட்டாள். வேலைக்கு வந்திருக்கும் மாடத்தி அக்கா, "போலீஸ்காரி மாதிரி இருக்கீய மதினி" என்றாள். சித்திரைக்குப் பிறகு அம்மா பல் தெரியச் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

மெஷின் எங்களுடையது இல்லை. மகளிர் குழுவுடையது. ஆடி மாதம் முடிவதற்குள் ஏதாவது ஒரு கடை அம்மாவிடம் தொடர்ந்து பெட்டி வாங்க ஒப்புக்கொண்டால் இங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் கடையத்தில் இன்னொரு குழுவுக்குப் போய்விடும். போகக் கூடாது. நான் அதற்குப் பச்சையம்மா என்று பெயர்கூட வைத்துவிட்டேன்.

அப்பா பார்க்க வரவில்லை. அவருக்குத் தென்காசி பஜாரில் கவர் கடை. ஒரு காலத்தில் கேரி பேக் விற்றார். தடை வந்த பிறகு பெரிய பாலித்தீன் ஷீட், தார்ப்பாய், வெங்காய வலைப்பை, டேப் இவைதான். கடையில் எலித் தொல்லை அதிகமாகிவிட்டதால் சித்திரையிலிருந்து பாயும் தலையணையும் கொண்டுபோய் அங்கேயே படுத்துக்கொள்கிறார். நூலகத்தில் எலிகளைப் பற்றித் தேடிப் படித்தேன். கொறிக்காமல் இருந்தால் அவற்றின் பல் வளர்ந்துகொண்டே போகுமாம். பாவம்தான்.

சித்திரையில் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில் அம்மா குழுப் பயிற்சியில் செய்த மட்டைத் தட்டில் சாப்பாடு போட்டார்கள். பந்தியில் யாரோ, "பொண்டாட்டி ஒழிக்கப் பாக்கதப் புருஷன் விக்கான்" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அப்பா பாதியில் கை கழுவிவிட்டார். அதற்கும் எலிக்கும் சம்பந்தமில்லை. தேதி பக்கத்தில் வருவதால் எழுதினேன்.

ஜூன் 10, செவ்வாய்

பள்ளி விட்டதும் அம்மாவோடு குற்றாலம் போனேன். ஆவுடையப்பன் அண்ணாச்சியின் அல்வாக் கடைக்கு. ஆடி அமாவாசைக்கு அவர் பேரருவிப் பக்கம் இன்னொரு சின்னக் கடை போடப்போகிறார். அங்கே பிளாஸ்டிக் டப்பா கொண்டுபோகக் கூடாது. சும்மா அட்டைப் பெட்டியென்றால் நெய் ஊறி அடி கழன்றுவிடுகிறது. அதனால் அவருக்கு நல்ல பெட்டி வேண்டும், எங்களுக்கு நல்ல கடை வேண்டும். எவ்வளவு அழகான பொருத்தம்!

அண்ணாச்சி பெட்டியைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தார்.

"என்ன வடிவு, குத்தாலிங்கம் கவர் விக்கான், நீ மட்டை விக்கே. வீட்டுல தராசு எந்தப் பக்கம் சாயுது?"

"அல்வா எந்தப் பெட்டில இருக்கோ அந்தப் பக்கம் அண்ணாச்சி" என்றாள் அம்மா.

எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. அண்ணாச்சி சட்டியிலிருந்து ஆவி பறக்கும் அல்வாவை வெட்டிப் பெட்டியில் போட்டு மூடினார். நாங்கள் காத்திருந்தோம். எனக்கு ஒரு துண்டு கொடுத்தார், அது தனி. பிறகு பெட்டியைத் திறந்து ஒரு வாய் போட்டவர் முகம் சுருங்கிவிட்டது.

"அல்வாவுல மட்டை மணம்லா வருது! இதக் குடுத்தா, 'வெத்தல எங்கண்ணாச்சி, சுண்ணாம்பு எங்க'ன்னு கேப்பான்."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் அவள் யோசிக்கும்போது கீழுதட்டைக் கடிப்பாள். எங்கள் ஊர் செங்கோட்டை வரும்வரை கடித்துக்கொண்டே வந்தாள்.

ஜூன் 15, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வருவார். இன்றும் கறியோடு வந்தார். ஷெட்டு வாசலில் நின்று பச்சையம்மாவை நெடுநேரம் பார்த்தார், உள்ளே வரவில்லை.

"ஏ உலகு, உங்கம்மாட்ட சொல்லு. அச்சுல சூடு கூடிப்போச்சு, ஓரம் கருகுது."

அம்மா நாலடி தள்ளித்தான் மட்டை கழுவிக்கொண்டிருந்தாள். "உங்கப்பாட்ட சொல்லு. அது கருகல் இல்ல, மட்டையோட நெறம்."

நான் நடுவில் நின்று இரண்டையும் ஒரு சொல்கூடக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். இதில் எனக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டது. மெஷின் சத்தத்தில் இருவருக்கும் காது மந்தமாகிவிட்டது என்று நினைக்கிறேன். (இன்று மெஷின் ஓடவில்லை.)

அப்பா போன பிறகு அம்மா சூட்டைக் கொஞ்சம் குறைத்து வைத்தாள். ஓரம் கருகவில்லை.

ஜூன் 19, வியாழன்

வென்றோம் வென்றோம் வென்றோம்!

பெட்டிக்குள் வாழை இலை! வாட்டிய இலைத் துண்டை உள்ளே விரித்து அதன்மேல் அல்வாவை வைத்தால் மட்டை மணம் ஏறவில்லை, நெய்யும் கீழே இறங்கவில்லை. மூடியை வாழை நாரால் கட்டிவிடலாம். அம்மாதான் கண்டுபிடித்தாள், சாப்பிட இலை போட்டுக்கொண்டிருக்கும்போதே. இலையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். நான், "சோறு" என்றேன். "இரிட்டி" என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்கு ஓடிவிட்டாள்.

அண்ணாச்சி இன்று ஒன்றுக்கு மூன்று தரம் தின்று பார்த்து, "எல மணத்துக்கே இன்னொரு துண்டு போவும்போல" என்றார். ஆடி அமாவாசைக்கு ஆயிரம் பெட்டி! அமாவாசைக்கு முந்தின நாள் கடையில் இருக்க வேண்டும். அன்றைய கூட்டத்தில் பெட்டி நின்று பிடித்தால் இரண்டு கடைக்கும் எங்கள் பெட்டிதான். இல்லையென்றால் அவர் கோயம்புத்தூர்க் கம்பெனிப் பெட்டிக்குப் போய்விடுவார். ஏற்கனவே அவர்கள் மாதிரி அனுப்பியிருக்கிறார்கள். வழவழவென்று அழகாகத்தான் இருக்கிறது, சனியன்.

ஜூன் 22, ஞாயிறு

என் தோழி பர்வீனும் நானும் சேர்ந்து ஒரு சோதனை தொடங்கியிருக்கிறோம். 'மண்ணில் மக்கும்' என்று அம்மா எல்லோரிடமும் சொல்கிறாள். நாமே பார்க்காமல் சொன்னால் அது அறிவியல் ஆகாது. அதனால் முருங்கை மரத்தடியில் மூன்று குழி தோண்டினோம். ஒன்றில் அம்மாவின் வாய் கோணிய முதல் பெட்டி. ஒன்றில் காகிதக் கப். மூன்றாவதில் சமையலறையில் மடித்து வைத்திருந்த அப்பா கடைப் பழைய கவர், கடைப் பெயரும் போன் நம்பரும் நீல எழுத்தில் போட்டது.

பர்வீன் மண்ணைத் தள்ளிக்கொண்டே, "ஏட்டி, மூணு பேரயும் அடக்கம் பண்ணியாச்சு. ஒரு ஊதுபத்தியாவது கொளுத்தலாம்லா?" என்றாள். அவளுக்கு அறிவியல் மனப்பான்மை போதாது. ஆனால் நன்றாகத் தோண்டுவாள்.

ஜூன் 26, வியாழன்

சாரல் தொடங்கிவிட்டது. மலை தெரியவில்லை. அருவியில் நல்ல தண்ணீராம்.

ஜூன் 29, ஞாயிறு

முதல் தோண்டல். பெட்டியின் அடியில் வெள்ளை வெள்ளையாக நூல்கள்! பஞ்சை இழுத்து விட்டதுபோல, அவ்வளவு மெல்லியவை. பூசணம். புத்தகத்தில் படித்திருக்கிறேன்: கண்ணுக்குத் தெரியாத வித்துகள் காற்றில் எங்கும் மிதந்துகொண்டே இருக்கின்றன; ஈரமும் இருட்டும் கிடைத்தால் உடனே இறங்கி வேலையைத் தொடங்கிவிடும். யாரும் கூப்பிட வேண்டாம்! நான் மண்டியிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவாடையெல்லாம் சேறு. இவ்வளவு அழகான ஒன்றை அம்மா, "சீ, கைய கழுவு" என்றாள்.

காகிதக் கப் தொளதொளவென்று ஆகியிருக்கிறது. அப்பாவின் கவர் அப்படியே இருக்கிறது. போன் நம்பரைக்கூட வாசிக்க முடிகிறது.

ஜூலை 3, வியாழன்

ஷெட்டுக்குச் சுவர் மூன்று பக்கம்தான். நாலாவது பக்கம் வழியாகச் சாரல் நேரே உள்ளே வந்து, அடுக்கி வைத்த பெட்டிகள்மேல் தூவிவிட்டுப் போகிறது. அம்மா பழைய சேலைகளைக் கட்டிப் பார்த்தாள். சேலை நனைந்து அதுவே சொட்டியது. பாதிக்குமேல் பெட்டி முடிந்துவிட்டது. எல்லாம் நனைந்தால் என்ன செய்வது என்று மாடத்தி அக்காவிடம் கேட்டாள். அவள், "வருண பகவான்ட கேளுங்க மதினி, எங்கிட்ட கேட்டா?" என்றாள்.

சாயங்காலம் அம்மா போனிலிருந்து அப்பாவிடம் பேசினேன். பெட்டி நனைகிறது என்று மட்டும் சொன்னேன். அப்பா, "நீளம் அகலம் எவ்வளவு?" என்றார்.

ஜூலை 6, ஞாயிறு

இன்றைய தேதியைச் சிவப்பு மையால் எழுத வேண்டும், பேனா இல்லை.

அப்பா கடையிலேயே நல்ல கனமான ஷீட்டைக் கொண்டுவந்தார். கண்ணாடி மாதிரி. அவரே உள்ளே வந்து (உள்ளே!) பெட்டி அடுக்குகளைச் சுற்றி, தலையிலிருந்து கால்வரை மூடி, மடிப்பு மடிப்பாக டேப் ஒட்டினார். பிறந்த பிள்ளையைத் துணியில் சுற்றுகிற மாதிரி. "ஒரு சொட்டு உள்ள போவாது, உங்கம்மாட்ட சொல்லு" என்றார்.

நான் அம்மாவிடம் சொன்னேன். பாலித்தீன் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்துகொண்டே நின்றேன். அம்மா ஷீட்டைத் தடவிப் பார்த்தாள். "அந்த மூலைலயும் ஒட்டச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான், ஆனால் சொன்னாள்! அப்பா அந்த மூலையிலும் ஒட்டினார். இரண்டு தடவை.

அப்பா சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நான் சொன்னேன். எலிகள் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது, போய்விட்டார்.

ஜூலை 9, புதன்

ஷெட்டுக்குள் நூலகத்தின் கடைசி அலமாரி மணம் வருகிறது, மழைக்காலத்துப் பழைய புத்தக மணம். எனக்கு உலகத்திலேயே பிடித்த மணம். அங்கேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன்.

ஜூலை 12, சனி

எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

ஷீட்டின் உள்பக்கம் வேர்த்திருந்தது. வெளியே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, எல்லாம் உள்ளே. அம்மா டேப்பைப் பிய்த்தாள். மேலடுக்கு நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது அடுக்கை எடுத்தாள். மூன்றாவதை எடுத்தபோது கையை உதறினாள்.

வெள்ளை நூல்கள். நான் மண்டியிட்டுக் கொண்டாடிய அதே நூல்கள். அடியில் இருந்தவை பச்சையாகவே மாறிவிட்டன. அந்த மணம் புத்தக மணம் இல்லை. அல்லது புத்தக மணமே இதுதானோ என்னவோ.

மட்டையை ஊறவைத்துத்தானே அழுத்துகிறோம். வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருந்திருக்கிறது. அதைப் போக வழியில்லாமல் மூடிவிட்டோம்.

மாடத்தி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "மக்கும் மக்கும்னு ஊரெல்லாம் சொன்னோம்லா" என்றாள். "கடைக்குப் போறதுக்கு முன்னாலயே மக்கிட்டு."

சிரிக்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "உங்கப்பாட்ட சொல்லு..." என்று ஆரம்பித்தாள். நான் எழுந்து நின்றேன். "ஒண்ணும் சொல்லாண்டாம்" என்றாள்.

முதல்முறையாக அம்மா பேச்சை மீறினேன். போனை எடுத்துக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போய், "அப்பா, ஷீட்டுக்குள்ள பூசணம்" என்று சொன்னேன். "வாரேன்" என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

எங்கிருந்து தொடங்குவது! எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும், ஒன்றையும் விடக் கூடாது.

விடிந்ததும் விடியாததுமாக அப்பா லோடு ஆட்டோவோடு வந்துவிட்டார். நேரே ஷெட்டுக்குள் போனார். ஒரு பெட்டியை எடுத்தார், முகர்ந்தார், வைத்தார். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார், ஆனால் சத்தமாக.

"கத்திரிக்கா விக்கவனுக்குக்கூட ஓட்ட போட்ட கவர்தான் குடுப்பேன். மூச்சு விடலன்னா வேர்த்து அழுகிரும்னு ஊர்பூராம் சொல்லிட்டுத் திரியுதேன். சொந்த வீட்டுக்குன்னு வரும்போது..." முடிக்கவில்லை.

இதை நான் அம்மாவிடம் எடுத்துச் சொல்லவில்லை. அவளுக்கே கேட்டிருக்கும் என்று ஏனோ தோன்றியது.

அம்மா பூசணம் பிடிக்காத பெட்டிகளைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பாதிகூட இல்லை. அவையும் தொட்டால் சில்லென்று இருந்தன. இன்றைக்கே காயாவிட்டால் அவையும் போய்விடும். வெயில்தான் இல்லையே! செங்கோட்டையில் சூரியனைப் பார்த்துப் பதினைந்து நாள் இருக்கும்.

"உங்கம்மாட்ட சொல்லு," என்றார் அப்பா. "சாரல் தென்காசியோட சரி. பாவூர்சத்திரம் தாண்டிட்டா பொட்டு மழை கெடையாது, காத்தும் வெயிலும்தான். நான் வாரத்துக்கு ரெண்டு மட்டம் கடை கடையா சரக்கு போட அங்கன லயன் போறவன். ஆலங்குளத்துப் பக்கம் வெங்காய வியாபாரி களம் இருக்கு, கேட்டுட்டேன்."

அம்மா ஒரு கூடைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் வைத்தாள்.

போகும் வழியை நான் மறக்கவே மாட்டேன். தென்காசியில் கண்ணாடியில் சாரல். கீழப்பாவூர்ப் பக்கம் தூறல். சத்திரம் தாண்டியதும், யாரோ ஒரு கோடு போட்டு வைத்தது மாதிரி, ரோடு காய்ந்துவிட்டது! திரும்பிப் பார்த்தால் மலைமேல் கறுப்பு மேகம். முன்னால் பார்த்தால் வெள்ளை வெயில், காற்றாலைகள் சுற்றுகின்றன. ஒரே நாளில், ஒரே ரோட்டில், இரண்டு பருவம்! புவியியல் பாடத்தில் 'கணவாய்க் காற்று' என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரி இப்படி முகத்தில் அடிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

களத்தில் பெட்டிகளைப் பரப்பினோம். நான் கடைசிக் கூடையைக் கவிழ்த்த உடனே காற்று வந்தது.

பெட்டிகள் பறந்தன. உருண்டன, எழும்பின, கொக்குக் கூட்டம் மாதிரி மொத்தமாகக் கிளம்பிவிட்டன! மூடிகள் தனியாக, அடிகள் தனியாக. நான் ஒன்றைப் பிடிக்க ஓடினால் நாலு போயின.

"ஏங்க!" என்று ஒரு கத்தல். "அந்தா வேலிக்குப் போவுது, புடிங்க!"

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். நெஞ்சோடு நாலைந்தை அணைத்துக்கொண்டு திரும்பி, "ஏளா, எனக்கு ரெண்டு கைதாம்லா இருக்கு!" என்று கத்தினார்.

"வயிறு இருக்குல்லா, அதுக்கு மேல விழுந்து அமுக்குங்க!"

அப்பா உண்மையாகவே விழுந்தார். களத்து வெங்காயத் தோலெல்லாம் தலையில். அம்மா முந்தானையில் பெட்டிகளை அள்ளிக்கொண்டு மூச்சு வாங்கச் சிரித்தாள், நிற்கவே முடியவில்லை அவளுக்கு. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் இன்னும் பத்துப் பெட்டி போயிற்று.

கல்லை வைத்துப் பார்த்தோம், ஓரம் நசுங்கியது. அப்போது அம்மா களத்து மூலையில் வெங்காய மூட்டைகளைப் பார்த்தாள். அப்பாவும் அதையே பார்த்தார். அப்பா போய் ஆட்டோ சீட்டுக்கு அடியிலிருந்து வலைப்பைக் கட்டை எடுத்து வந்தார். சிவப்பு வலைப்பை, கடைச் சரக்கு! பெட்டிகளை அதில் போட்டுக் கட்டி, இரண்டு வேப்ப மரத்துக்கு நடுவில் கயிறு இழுத்துத் தொங்கவிட்டோம். காற்று உள்ளே புகுந்து வெளியே போயிற்று, பெட்டி எங்கும் போகவில்லை. கயிறு முழுவதும் கடகடவென்று பேசிக்கொண்டே ஆடியது.

காய்ந்ததா என்று அறிய ஒரு வழி கண்டுபிடித்தேன். ஈரப் பெட்டியைச் சுண்டினால் 'தொப்' என்கிறது. காய்ந்ததைச் சுண்டினால் 'டொக்', கதவைத் தட்டுகிற மாதிரி. சாயங்காலம் எல்லாம் டொக் டொக் டொக்!

திரும்பும்போது அவர்கள் இருவரும் முன்னால், நான் பின்னால் பெட்டிகளோடு. பாவூர்சத்திரம் வரும்போதுதான் கவனித்தேன். மதியத்திலிருந்து யாரும் என்னிடம் எதையும் யாருக்கும் சொல்லச் சொல்லவில்லை. எனக்கு வேலை போய்விட்டது.

ஜூலை 15, செவ்வாய்

மட்டை, தொட்டி, அச்சு, ஆவி. பள்ளி. திரும்ப மட்டை. பர்வீனும் வருகிறாள், நார் கிழிக்கிறாள். காலையில் அப்பா வந்து முந்தின நாள் பெட்டிகளை வலைப்பையில் கட்டிக் கிழக்கே கொண்டுபோகிறார். சாயங்காலம் டொக் டொக்கோடு திரும்புகிறார்.

இன்று அவருக்கு அம்மாவே டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். சீனி போடாமல். அவருக்குச் சர்க்கரை வியாதி என்பது ஞாபகம் இருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

அறிவியல் தேர்வில் பூஞ்சைகள் பற்றி ஐந்து வரி கேட்டிருந்தார்கள். நான் இரண்டு பக்கம் எழுதினேன். டீச்சர், "இவ்வளவு கோபம் ஏம்மா அதுங்க மேல?" என்று கேட்டார்கள். கோபம் இல்லை டீச்சர், மரியாதை.

ஜூலை 23, புதன்

ஆயிரம் பெட்டி. கடைசி வலைப்பையை மதியம்தான் அவிழ்த்தோம். அண்ணாச்சி ஒவ்வொரு கட்டிலும் கைவிட்டு ஒன்றை உருவிச் சுண்டினார். அவருக்கு அந்த வித்தையை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எல்லாம் டொக். அம்மா தானாகவே பூசணக் கதையையும் சொல்லிவிட்டாள். சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தேன்.

அண்ணாச்சி காதைச் சொறிந்தார். "நாளைக்குச் சாரல்லயும் கூட்டத்துலயும் இது தாங்கட்டும். பெறவு பேசுவோம்." கோயம்புத்தூர்ப் பெட்டி மேசைமேல் இன்னும் இருந்தது, வழவழவென்று.

தூக்கம் வராது.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

பள்ளிக்குப் போகவில்லை. (காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. ஒருவகையில் உண்மை.)

பேரருவிப் பக்கம் தலைதான் தெரிந்தது. தர்ப்பணம் கொடுத்தவர்கள், குளித்தவர்கள், குளிக்க வரிசையில் நிற்பவர்கள், எல்லோரும் ஈரம். அல்வாக் கடைக்கு முன்னால் நானும் பர்வீனும் ஒற்றர்கள்போல நின்று ஒவ்வொரு பெட்டியையும் கண்ணால் பின்தொடர்ந்தோம். ஈரக் கையில் வாங்கினார்கள், ஈரத் துண்டில் சுற்றினார்கள், குடையில்லாமல் நடந்தார்கள். நார் அவிழவில்லை. அடி கழலவில்லை. எண்ணெய்த் தலையோடு ஒரு மாமா பெட்டியைப் படிக்கட்டில் தவறவிட்டார். அது மூன்று படி உருண்டு ஓடும் தண்ணீரில் விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பர்வீன், "ஏட்டி, மெதக்குது!" என்றாள். எடுத்துத் திறந்து பார்த்தார், உள்ளே இலையில் அல்வா ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

பிறகு குரங்கு. கிழட்டுக் குரங்கு ஒன்று கடைப் பலகையிலிருந்தே ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. நாரைப் பல்லால் அறுத்து, அல்வாவைத் தின்று, இலையைத் தின்று, பெட்டியை வழித்து நக்கி, ஓரத்தைக் கொஞ்சம் கடித்தும் பார்த்துவிட்டு, அண்ணாச்சி தலைக்கு நேரே போட்டது. அண்ணாச்சி அதைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போன வருஷம் பிளாஸ்டிக் டப்பாவை விழுங்கப்பார்த்துத் தொண்டையில் சிக்கிச் செத்த குரங்குக் குட்டியைப் பற்றி அவரே முன்பு ஒருநாள் எங்களிடம் சொல்லியிருந்தார்.

"வடிவு," என்றார், "இனிமே பெட்டிய நான் சோதிக்கல. என்னவிட பெரியவர் சோதிச்சுட்டாரு. ரெண்டு கடைக்கும் நீயே போடு."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அண்ணாச்சியையா, குரங்கையா என்று தெரியவில்லை. அப்பா அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கடையை அடைத்துவிட்டு எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. "எங்க வீட்டுச் சரக்கு அண்ணாச்சி" என்றார்.

பச்சையம்மா போகமாட்டாள்! பச்சையம்மா எங்கேயும் போகமாட்டாள்!

ஜூலை 27, ஞாயிறு

கடைசித் தோண்டல். வாய் கோணிய பெட்டியில் விளிம்பு மட்டும் மிச்சம், அதுவும் தொட்டதும் மண்ணாக உதிர்ந்தது. உள்ளே இரண்டு மண்புழுக்கள். பர்வீன் அவற்றுக்கு வணக்கம் சொன்னாள். காகிதக் கப்பில் உள்ளே பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாள் மட்டும் கிடக்கிறது. அப்பாவின் கவரைக் குழாயில் கழுவினேன், புத்தம் புதிது.

அப்பா அதை வாங்கி நெடுநேரம் பார்த்தார். தன் பெயரை வாசித்தார், போன் நம்பரை வாசித்தார். "நான் போன பெறவும் இது இங்கன கெடந்து என் நம்பரச் சொல்லிட்டிருக்கும்போல" என்றார். அம்மா மட்டை கழுவியபடியே, "சொல்லட்டும். வலைப்பை வேணும்னா அந்த நம்பருக்குத்தான கூப்பிடணும்" என்றாள்.

மதியம் ஆட்டோவிலிருந்து காலி வலைப்பைகளை இறக்கினேன். அவற்றுக்கு அடியில் ஒரு பாயும் தலையணையும் சுருட்டிக் கட்டி இருந்தன.

"கடைல எலியெல்லாம் போயிட்டாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தொட்டியைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். "ஆமா, போயிட்டு" என்றார் அப்பா.

பாய் சில்லென்று ஈரமாக இருந்தது. சித்திரையிலிருந்து அந்த அடைசலில் கிடந்ததல்லவா. சுருட்டியபடி மூலையில் வைக்கப் போனவள் நின்றேன். கட்டை அவிழ்த்து, நடுவீட்டில், மின்விசிறிக்கு நேர் கீழே, முழுநீளத்துக்கும் விரித்துப் போட்டேன்.